யாருக்கு டீச்சர்?

(பட்டிமன்றத் தலைப்பு: ‘டிஸ்ரப்டிவ்’ என்ற ஆங்கிலச் சொல் இன்று பாராட்டா, பழியா? ‘பழியே!’ என்ற அணியில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை.)



எனக்கு முன்னால பேசிய தம்பி கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பார்க்கிறவர். “எங்க கம்பெனி டிஸ்ரப்டிவ், எங்க முதலாளி டிஸ்ரப்டிவ், நானும் டிஸ்ரப்டிவ் ஆகணும்னு வருஷா வருஷம் உறுதிமொழி எடுக்கிறேன்” என்றார். நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா முன் வரிசையில ஒரு அம்மா பக்கத்துல இருந்தவங்ககிட்ட, “அப்படின்னா என்னங்க?”ன்னு கேட்டாங்க. அவங்க மெதுவா சொன்னாங்க: “தெரியலைங்க. ஏதோ வியாதி மாதிரி இருக்கு. பாவம், சின்ன வயசு.” (சிரிப்பு, கைதட்டல்)

ஐயா, நான் முப்பத்தொரு வருஷம் இங்கிலீஷ் பாடம் நடத்தினவ. அந்த அம்மா சொன்னதுதான் சரியான திசை. எப்படின்னு சொல்றேன்.

ஒரு வீட்டுல சம்பந்தம் பேசப் போனா முதல்ல குலம் கோத்திரம் விசாரிக்கிறோம் இல்லையா? சொல்லுக்கும் விசாரிக்கணும். லத்தீன் மொழியில ‘ரும்பெரே’ன்னு ஒரு வினைச்சொல். அர்த்தம், உடைத்தல். அதோட ‘டிஸ்’ சேர்ந்தா, ‘தனித்தனியாகப் பிளந்து போகும்படி உடைத்தல்’. அதுதான் டிஸ்ரப்ட். அந்த வினையிலிருந்து வந்த பெயரடைதான் டிஸ்ரப்டிவ். இப்ப அதோட அண்ணன் தம்பிகளைப் பாருங்க. ஒருத்தன் ‘எரப்ட்’. எரிமலை வெடிக்குதே, அவன். இன்னொருத்தன் ‘அப்ரப்ட்’, பாதியில வெடுக்குனு முறிச்சிட்டுப் போறவன். அடுத்தவன் ‘பேங்க்ரப்ட்’. இத்தாலியில ‘உடைஞ்ச பெஞ்சு’ன்னு அர்த்தம் வர்ற ஒரு சொல்லிலிருந்து கிளம்பி, திவாலாகி வந்தவன். கடைசியா ஒருத்தன் இருக்கான். அவனை நான் அறிமுகப்படுத்தவே வேண்டாம், நம்ம எல்லாருக்கும் நல்லாத் தெரியும்: ‘கரப்ட்’! (பலத்த கைதட்டல்) நடுவர் அவர்களே, இந்தக் குடும்பத்துக்கு யாராவது பொண்ணு குடுப்பாங்களா? (சிரிப்பு)

இதே குடும்பத்துல கொஞ்சம் சாதுவான பிள்ளை ஒண்ணு உண்டு. அதுதான் ‘இன்டரப்ட்’. இடையிலே புகுந்து நிறுத்துறது, குறுக்கிடுறது. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வகுப்புல எப்படிச் சொல்வேன் தெரியுமா? நாடகம் பார்த்துக்கிட்டு இருக்கீங்க. மாமியார் கையை ஓங்கிட்டா. கரண்டு போச்சு. பத்து நிமிஷத்துல வந்துட்டுது. மாமியார் கை இறங்கிடுச்சு, ஆனா நாடகம் ஓடுது. இது இன்டரப்ஷன், தடங்கல். இன்னொரு நாள் இடி இறங்கி டிவி பெட்டியே கருகிப் போச்சு. அன்னிக்கு மாமியாரும் இல்லை, மருமகளும் இல்லை. இது டிஸ்ரப்ஷன், சீர்குலைவு. தடங்கலுக்குப் பிறகு பழையபடி தொடரலாம். சீர்குலைவுக்குப் பிறகு பழையபடி என்பதே கிடையாது.

அந்தக் காலத்துல தூர்தர்ஷன்ல ஒரு அட்டை போடுவாங்க, ஞாபகம் இருக்கா? ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்.’ ஒரு பாட்டு பாதியில நின்னா அட்டை வந்துடும். சின்னத் தடங்கல்தான், ஆனா வருந்தினாங்க. எதிரணித் தம்பியை நான் கேட்கிறேன். உலகத்தையே டிஸ்ரப்ட் பண்றோம், டிஸ்ரப்ட் பண்றோம்னு மேடைக்கு மேடை சொல்றாங்களே, அவங்கள்ல யாராவது ஒருத்தர், ‘சீர்குலைவுக்கு வருந்துகிறோம்’னு ஒரு அட்டை போட்டது உண்டா? (பலத்த கைதட்டல்)

இந்தச் சொல்லை வழக்கத்தில் எங்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். விமானத்தில் குடித்துவிட்டு ரகளை செய்கிறவருக்கு ‘டிஸ்ரப்டிவ் பாசெஞ்சர்’ என்று பெயர். நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2017-ல் இதற்கென்றே விதி கொண்டு வந்தது. வாயால் தகராறு செய்தால் 3 மாதம் வரை, கை வைத்தால் 6 மாதம் வரை, உயிருக்கு ஆபத்து வரும்படி நடந்தால் குறைந்தது 2 வருஷம் விமானம் ஏறத் தடை. தம்பி, அடுத்த தடவை ஏர்போர்ட்டுல போய், “நான் ரொம்ப டிஸ்ரப்டிவ்”னு பெருமையாச் சொல்லிப் பாருங்க. உங்களை எங்க உட்கார வைப்பாங்கன்னு தெரியும். (சிரிப்பு)

இப்ப ஒரு இலக்கண விஷயம். பயப்படாதீங்க, பரீட்சை வைக்க மாட்டேன். இந்தச் சொல்லுக்குப் பின்னால ஆங்கிலம் ஒரு சின்ன நாற்காலி போட்டு வெச்சிருக்கு. ‘டு’ன்னு ஒரு நாற்காலி. டிஸ்ரப்டிவ் டு த கிளாஸ், வகுப்புக்கு இடையூறு. டிஸ்ரப்டிவ் டு ஸ்லீப், தூக்கத்துக்குக் கேடு. டிஸ்ரப்டிவ் டு டிராஃபிக், போக்குவரத்துக்குச் சீர்குலைவு. நம்ம தமிழ்ல நாலாம் வேற்றுமை ‘கு’ இருக்கே, அதேதான். அந்த நாற்காலியில யாரோ ஒருத்தர் உட்கார்ந்தே ஆகணும். உடைஞ்சது யாருக்கு? எதுக்கு? அது தெரியாம இந்தச் சொல் முழுசாகாது.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்த இலக்கணப் புத்தகமும் இல்லை. எங்க ஊர் போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒருத்தர்.

1998-ன்னு நினைக்கிறேன். தெற்கே ஒரு சின்ன ஊர்ல, ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில நான் ஏழாம் வகுப்பு டீச்சர். கடைசி பெஞ்சுல ஒரு பையன். ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டான். பாடம் நடத்தும்போது எழுந்து நிப்பான். பக்கத்துப் பையன் நோட்டுக்குள்ள தலையை விடுவான். “என்னடா எழுதியிருக்கு? என்னடா எழுதியிருக்கு?”ன்னு முணுமுணுன்னு கேட்டுக்கிட்டே இருப்பான். நானும் அதட்டிப் பார்த்தேன், வெளியில நிக்க வெச்சுப் பார்த்தேன். கால் பரீட்சை முடிஞ்சு புரோகிரஸ் ரிப்போர்ட் எழுதுற நேரம். நாற்பத்தெட்டு ரிப்போர்ட், தலைவலி வேற. அவன் ரிப்போர்ட்டுல ‘குறிப்பு’ங்கிற இடத்துல சிவப்பு மையில ஒரே ஒரு வார்த்தை எழுதினேன். டிஸ்ரப்டிவ்.

மறுநாள் சாயங்காலம் அவங்க அப்பா வந்தார். விரல் நுனியெல்லாம் மருந்துத் தண்ணியில ஊறிப் பழுப்பாகிப் போன மனுஷன். இருட்டறையில படம் கழுவுறவர் கை அப்படித்தான் இருக்கும். ரிப்போர்ட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, “டீச்சர், இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? எனக்கு இங்கிலீஷ் வராது. கடைக்கு வந்த ரெண்டு மூணு பேருகிட்டக் கேட்டேன், அவங்களுக்கும் தெரியலை”ன்னார்.

“இடையூறு பண்றான்னு அர்த்தம்”னேன்.

அவர் கோபப்படலை. தலையைக் குனிஞ்சு கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்தார். அப்புறம் கேட்டார்:

“யாருக்கு டீச்சர்?”

எனக்குப் பதில் வரலை. ‘வகுப்புக்கு’ன்னு சொல்ல வாயெடுத்தேன். வகுப்புல மத்த நாற்பத்தேழு பேர்ல ஒருத்தரும் அவன் மேல புகார் சொன்னதில்லை. பக்கத்துப் பையனே நோட்டைத் தள்ளி வெச்சு அவனுக்குக் காட்டுவான். அப்ப யாருக்கு இடையூறு? எனக்கு. என் தலைவலிக்கு. அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தது நான். ஆனா என் பேரை எழுதாம, அவன் பேர்ல மட்டும் எழுதிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு அந்த மனுஷன் மறுபடியும் வந்தார். “டீச்சர், ஞாயித்துக்கிழமை கடையில அவனைக் கேமரா பிடிக்கச் சொன்னேன். நானே ஃபோகஸ் பண்ணிக் குடுத்தேன். எதிர்ல நம்ம திரைச்சீலை, அதுல தாஜ்மகால், கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு. இவன், ‘எல்லாம் கலங்கலா இருக்குப்பா’ன்றான். டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். தூரப் பார்வை சுத்தமா இல்லையாம்.”

பையனுக்குக் கரும்பலகை தெரியலை, ஐயா. ஒரு வருஷமா தெரியலை. தெரியாததை வெளியில சொல்ல வெட்கம். அதனால எழுந்து பார்த்தான், பக்கத்து நோட்டைப் பார்த்தான். படிக்கிறதுக்காக அவன் செஞ்ச ஒவ்வொரு காரியத்துக்கும் சேர்த்து நான் ஒரு பட்டம் கொடுத்திருந்தேன். (அரங்கில் அமைதி)

எதிரணி உடனே, “பார்த்தீங்களா, அந்தச் சொல்லைப் பழியாப் பயன்படுத்தினது தப்புன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க”ன்னு சொல்லலாம். ஒத்துக்கிறேன். ஆனா ஏன் தப்பாச்சு? அது கனமான பழிச்சொல் என்பதால்தான் தப்பாச்சு. லேசான சொல்லா இருந்தா அந்த அப்பா கடைக்கு வர்றவங்க கிட்டயெல்லாம் அதைக் காட்டி அர்த்தம் கேட்டுத் தவிச்சிருப்பாரா?

சரி, இது எப்போது பாராட்டாக மாறியது? அதையும் பார்த்துவிடுவோம். 1995-ல் ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த ஜோசப் பவர், கிளேட்டன் கிறிஸ்டென்சன் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1997-ல் கிறிஸ்டென்சன் தனிப் புத்தகமே போட்டார். அவர் சொன்னது இதுதான். பெரிய கம்பெனி, நல்ல வாடிக்கையாளர், நல்ல லாபம். அப்போது கீழேயிருந்து ஒரு மலிவான சரக்கு வருகிறது. தரத்திலும் சுமார்தான். பெரிய கம்பெனி ‘இது நமக்கு எதற்கு?’ என்று விட்டுவிடும். அந்தச் சுமார் சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி மேலே வந்து, ஒரு நாள் பெரியவனையே கவிழ்த்துவிடும்.

அவர் சொன்ன உதாரணங்களில் டிரான்சிஸ்டர் ரேடியோவும் ஒன்று. வால்வு ரேடியோ கூடத்தில் அலமாரி மாதிரி உட்கார்ந்திருந்த காலம். டிரான்சிஸ்டரில் சத்தம் கரகரதான். ஆனால் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அப்பா காதில் விழாமல் பாட்டுக் கேட்கலாமே! வாலிபப் பிள்ளைகள் வாங்கினார்கள். சோனி வளர்ந்தது.

கவனிங்க. கிறிஸ்டென்சன் இந்தச் சொல்லை மெடலாக் கொடுக்கலை. ஒரு வியாபாரம் எப்படி உடையுதுன்னு விளக்குற கலைச்சொல்லா வெச்சார். ‘யாருக்கு’ங்கிற நாற்காலியும் அங்கே காலி இல்லை. பழைய கம்பெனிக்குச் சீர்குலைவுன்னு தெளிவா எழுதினார். பிறகு ஊரெல்லாம் இந்தச் சொல்லை எடுத்துச் சட்டையில குத்திக்க ஆரம்பிச்சதும் அவருக்கே பொறுக்கலை. 2015-ல இன்னும் ரெண்டு பேரோட சேர்ந்து, இந்தச் சொல்லைக் கண்டபடி பயன்படுத்துறாங்க, ஊபர் கம்பெனிகூட என் கணக்குப்படி இதுல சேராதுன்னு கட்டுரை எழுதினார். 2020 ஜனவரியில காலமானார். சொல்லைக் கொடுத்தவரே ‘கொஞ்சம் திருப்பிக் கொடுங்க’ன்னு கேட்டார், தம்பி. நீங்கதான் கொடுக்க மாட்டேங்கிறீங்க. (சிரிப்பு, கைதட்டல்)

தம்பி இன்னொன்று சொன்னார். “டிஜிட்டல் கேமரா வந்ததே, அது டிஸ்ரப்டிவ் இல்லையா? எவ்வளவு பெரிய நன்மை!” நல்ல உதாரணம். 1975-லேயே கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் இன்ஜினீயர் அதைச் செய்து காட்டினார். எடை மூன்றரைக் கிலோவுக்கும் மேலே. ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கேசட்டில் பதிய 23 விநாடி ஆகும். ஃபிலிம் விற்றுப் பிழைத்த கம்பெனிக்கு அதன்மேல் முழு மனசு வரவில்லை. ஒரு காலத்தில் லட்சம் பேருக்கு மேல் வேலை கொடுத்த கோடாக், 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனது. பார்த்தீர்களா, டிஸ்ரப்ட் வந்த வீட்டுக்குப் பின்னாலேயே பேங்க்ரப்ட்டும் வந்துவிட்டான். அண்ணன் தம்பிகள் என்று சொன்னேனே!

அந்தச் செய்தி வந்த வாரம் எங்க ஊர்ச் சந்தையில அந்த ஸ்டூடியோக்காரரைப் பார்த்தேன். அவர் கடையை மூடி அப்பவே மூணு வருஷம் ஆகியிருந்தது. பாஸ்போர்ட் சைஸ் படம்கூட வர்றதில்லைன்னு மூடிட்டார். “அந்தக் கம்பெனிக்கே இந்தக் கதியா டீச்சர்!”னு கம்பெனிக்காக வருத்தப்பட்டார். தாஜ்மகால் திரைச்சீலை என்னாச்சுன்னு கேட்டேன். “மாட்டுக் கொட்டகைக்கு மறைப்பாத் தொங்குது. மழைச்சாரல் அடிக்காது பாருங்க”ன்னு சிரிச்சார்.

நடுவர் அவர்களே, அந்தக் கடை மூடினதுல எனக்கும் பங்கு உண்டு. என் பேரன் பேர் வைக்கிற விழாவுக்கு அவரைக் கூப்பிடலை. எங்க வீட்டுல ஆளுக்கொரு கேமரா வந்துட்டுது. நூத்துக்கணக்கில எடுத்தோம். நன்மை இல்லைன்னு நான் சொல்லலை. என் அம்மா வாழ்ந்த எழுபது வருஷத்துல அவங்களுக்கு மொத்தம் ரெண்டே போட்டோ. கல்யாணத்துக்கு ஒண்ணு, ரேஷன் கார்டுக்கு ஒண்ணு. இன்னிக்குக் கூலி வேலைக்குப் போற தாயும் குழந்தையோட முதல் நடையைப் படம் பிடிச்சு வெச்சுக்கிறா. அது பெரிய விஷயம்.

ஆனா அந்த நன்மைக்குத் தமிழ்ல ‘நன்மை’ன்னே பேர் இருக்கு. மலிவு, வசதி, முன்னேற்றம்னு எத்தனையோ சொல் இருக்கு. இங்கிலீஷ்லயும் இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு, உடைச்சதைச் சொல்ற வார்த்தையைப் பாராட்டா எடுத்தா என்ன ஆகும்? உடைஞ்சவன் காணாம போயிடுவான். ‘டிஸ்ரப்டிவ் டு’ன்னு சொல்லும்போது ஸ்டூடியோக்காரர் அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தார். வெறும் ‘டிஸ்ரப்டிவ் கம்பெனி’ன்னு முற்றுப்புள்ளி வெச்சதும் நாற்காலியை எடுத்துட்டாங்க. அவர் எங்கே உட்காருவார்?

விலங்கியல் படித்தவர்களுக்குத் தெரியும். ஹியூ காட் என்ற ஆங்கிலேய அறிஞர் 1940-ல் விலங்குகளின் நிறத்தைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அதிலே ‘டிஸ்ரப்டிவ்’ நிறம் என்று ஒரு விளக்கம் வருகிறது. உடம்பின் மேலே ஓடுகிற கோடும் திட்டும் அந்த உருவத்தின் விளிம்பைக் கண்ணுக்கு உடைத்துக் காட்டும். அதனால் புதரில் நிற்கிற மிருகம் முழு மிருகமாகத் தெரியாது. வரிப்புலி இரண்டு கஜத்தில் நின்றாலும் புல்லும் நிழலுமாகத்தான் தெரியும். இந்தச் சொல் இன்றைக்கு அந்த வேலையைத்தான் செய்கிறது. ‘டிஸ்ரப்டிவ்’ என்று பளபளப்பாக எழுதிவிட்டால், பின்னால் யார் நிற்கிறார், யார் விழுந்து கிடக்கிறார், எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. (கைதட்டல்)

(மணி ஒலிக்கிறது)

ஐயா மணி அடிக்கிறார். இது இன்டரப்ஷன்தான், டிஸ்ரப்ஷன் இல்லை. நீங்க அட்டை போட வேண்டாம். (சிரிப்பு) ரெண்டே வார்த்தையில முடிச்சிடறேன்.

தாய்மார்களே, உங்க பிள்ளை ரிப்போர்ட்டுல இந்தச் சொல் வந்தா, பிள்ளையை அடிக்காதீங்க. டீச்சர்கிட்டப் போய் மரியாதையாக் கேளுங்க, “யாருக்கு?” அதே பிள்ளை வளர்ந்து, வேலைக்குப் போய், “அம்மா, எங்க கம்பெனி ரொம்ப டிஸ்ரப்டிவ்”னு பெருமையா வந்து நின்னா, காபியைக் கையில குடுத்துட்டு அதே கேள்வியைக் கேளுங்க, “யாருக்குப்பா?” பதில் சொல்ல முடிஞ்சா அவன் யோசிச்சிருக்கான். முடியலைன்னா, சொல்ல வெட்கப்படுறான், இல்லை அவனுக்கே தெரியலை.

அந்தப் பையன் ரிப்போர்ட்டுல நான் எழுதினதை அடிச்சேன். பக்கத்துலயே எழுதினேன்: ‘பார்வைக் குறைவு. முன் பெஞ்சுல உட்கார வைக்கப்பட்டான். நன்றாகப் படிக்கிறான்.’ ஆனா சிவப்பு மை பாருங்க, எவ்வளவு அடிச்சாலும் அடியில இருந்த எழுத்து தெரிஞ்சுக்கிட்டேதான் இருந்தது. அன்னிக்குப் பிறகு, வேலையை விட்டு இறங்குற வரைக்கும், அந்தச் சொல்லை எந்தப் பிள்ளை பேருக்கு நேராவும் நான் எழுதினதில்லை.

அதனால, நடுவர் அவர்களே, டிஸ்ரப்டிவ் என்பது பழிச்சொல்லே. உரியவர் மேலே, ‘யாருக்கு’ன்னு சொல்லி, யோசிச்சு வைக்க வேண்டிய பழி. மாலையாப் போட்டுக்கிற பாராட்டு இல்லவே இல்லை. (நீண்ட கைதட்டல்)